ஐந்து வீடுகள், இருபத்திரண்டு பற்கள்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு ஆகஸ்ட் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, கிங் ஸ்ட்ரீட்டின் பின்புறச் சந்தில் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நின்ற ஐந்து மாடிவீடுகள் கடலை நோக்கிப் பதின்மூன்று அடி நகர்ந்தன. அன்று தேங்காய் ஒன்று இரண்டு வெள்ளி எழுபது காசு. இரண்டாம் வீட்டுத் தயாளன், தன் மனைவி துளசியின் பழைய சைக்கிளுக்குப் பின்பல்சக்கரத்தை உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றி மாட்டிவிட்டதுதான் காரணம். நகரும்போது சத்தம் எதுவும் இல்லை. மூன்றாம் வீட்டுச் சுலைஹா, வீட்டு முகப்போடு சேர்ந்த அஞ்சடி நடைபாதையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவரில் வரைந்திருந்த பெரிய பூனையின் தலை தெரிந்த இடத்தில் வால் தெரிவதைப் பார்த்து, சுவருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து மிளகாய்ச் சம்பலை அள்ளி வைத்தாள். முதல் வீட்டு ஜெயராஜ், விளக்குக் கம்பத்துக்கும் தன் ஜன்னலுக்கும் நடுவே கட்டிய கொடி அறுந்து சட்டைகள் சாக்கடையில் கிடப்பதைக் கண்டு, இது யாரோ தனக்கென்று செய்த காரியம் என்று முடிவு கட்டினார். துறைமுகத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். மழை பெய்தாலும் தனக்கென்று பெய்வதாகவே எடுத்துக்கொள்வார்.

துளசியைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. கடலோரத் தெருவான வெல்ட் கீயில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். பஸ் இருந்தும் சைக்கிளில்தான் போவாள். கல்யாணமான புதிதில், என் பின்னால் உட்கார்ந்து வா என்று தயாளன் கெஞ்சியதாகவும், உட்காருவதானால் நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்று அவள் சொன்னதாகவும், அப்படியே பீச் ஸ்ட்ரீட் வழியாக ஓர் ஊர்வலம் நடந்ததாகவும் பேச்சு உண்டு. பார்த்ததாகச் சொல்பவர்கள் மூன்று பேர். மூவரும் மூன்று நிறச் சேலை சொல்கிறார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இடுப்புக்குக் கீழே கால்கள் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தன. அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் மழைக்கு மழை தண்ணீர் ஏறும் என்பதால் படுக்கை மேலேதான். மேலே போக இருபத்துமூன்று படிகள், ஏணி மாதிரிச் செங்குத்து, நடுவில் ஒரு திருப்பம் வேறு. முதல் மறுபரிசோதனைக்கு நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். திருப்பத்தில் ஜெயராஜின் செருப்பு வழுக்கியது. நாற்காலி சாய்ந்து, துளசி கொஞ்ச நேரம் கூரையையும் ஜெயராஜின் தாடையின் அடிப்பக்கத்தையும் பார்த்தபடி தொங்கினாள். அடி எதுவும் படவில்லை. ஆனால் திரும்பி மேலே வந்து சேர்ந்ததும் ஒன்று சொன்னாள்.

"இனிமே நான் யார் கையிலயும் ஏற மாட்டேன்."

ஏறவில்லை. தாதிதான் மாடிக்கு வந்தாள். லிஃப்ட் உள்ள பிளாட்டுக்கு மாறலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அதற்கும் முதலில் கீழே இறங்க வேண்டும் என்பது யோசனை சொல்லி முடித்த பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும். இரண்டு வருடம் அவள் ஜன்னலில் தெரிந்தது எதிரே உள்ள தங்கும் விடுதியின் சுவர். விடுதிக்காரர் அதில் பூனை வரைந்தார். வெளிநாட்டுக்காரர்கள் பூனையோடு படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். துளசிக்கு அவர்களுடைய உச்சந்தலைகள் நன்றாகத் தெரிந்தன. எந்த நாட்டுக்காரனுக்கு எந்த வயதில் வழுக்கை விழுகிறது என்று முதல் வருடம் தயாளனிடம் சொல்லிச் சிரிப்பாள். இரண்டாம் வருடம் சிரிப்பு இல்லாமல் சொன்னாள். பிறகு சொல்வதை விட்டாள். ஜூலைக் கடைசியில் ஒரே நாளில் இரண்டு காரியம் கேட்டாள். கட்டிலை உள்சுவரைப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னாள்; கீழே நிற்கும் தன் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு இரண்டு கரண்டியோடு நின்றது. பேசுவதையும் சாப்பிடுவதையும் விட்டவர்கள் அடுத்து எதை விடுவார்கள் என்று தெருவுக்கே தெரியும். தயாளனுக்கும் தெரிந்திருந்தது. அவன் கட்டிலைத் திருப்பிப் போட்டான். சைக்கிளை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை; கொடுப்பதானாலும் சரி பண்ணிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு தவணை சொல்லிக்கொண்டான்.

அது மூன்று கியர் உள்ள பழைய இங்கிலாந்து சைக்கிள். கியர் எல்லாம் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அடக்கம். வெளியே தெரிவது ஒரே ஒரு பல்சக்கரம். பதினெட்டுப் பல். பத்தொன்பது வருடம் செயின் இழுத்து இழுத்துப் பற்களெல்லாம் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. தயாளன் சைக்கிள் கடை இம்ரானிடம் போய்ப் புதுப் பல்சக்கரமும் புதுச் செயினும் வாங்கினான். பழைய செயினோடு புதுப் பல் போட்டால் வழுக்கும் என்று இம்ரான் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டான். மாட்டுவதைப் பற்றி இம்ரான் சொன்னது வேறு. முதலில் கியர் கம்பியைக் கழற்று, பிறகு சக்கரத்தை எடு, குடத்தின் மேல் வாய் பிளந்த ஒரு கம்பி வளையம் இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பு, நெம்பும்போது கட்டைவிரலை மேலே வை, இல்லாவிட்டால் பறந்துவிடும். வளையம் போனால் பல்சக்கரம் கையோடு வந்துவிடும். அதை எடுக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள் என்றான். பல்சக்கரம் தட்டையானது அல்ல, சாப்பாட்டுத் தட்டு மாதிரி லேசாகக் குழிந்தது.

"அண்ணே, குழி உள்ள பாத்து இருக்கணும். வெளிய பாத்து மாட்டிடாதீங்க."

"முப்பது வருஷம் மெஷினோட இருந்தவன்பா நான்" என்றான் தயாளன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவன் முப்பது வருடம் இருந்தது உண்மை. மெஷின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதும், ஓடினால் பச்சைப் பொத்தானை அமுக்குவதும் அவன் வேலை. வீட்டுக்கு வந்து வளையத்தை நெம்பினான். கட்டைவிரலை வைக்கவில்லை. வளையம் பறந்து, சுவரில் பட்டு, வாசல் வழியாகச் சுலைஹாவின் வேர்க்கடலைத் தட்டில் போய் விழுந்தது. அதைத் தேடி எடுத்து, கடலையில் கைவைத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் குழி எந்தப் பக்கம் இருந்தது என்பது அவனுக்கு மறந்துவிட்டது. ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. தயாளனின் வாழ்க்கையில் ஐம்பதுக்கு ஐம்பது எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். குழியை வெளியே பார்க்க வைத்து மாட்டினான். சைக்கிளைப் பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் மலைப் பக்கம் பார்க்க, பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். செயின் லேசாகச் சாய்ந்து ஓடியது. அந்த ஒரு சுற்றில்தான் ஐந்து வீடுகளும் கடல் பக்கம் பதின்மூன்று அடி போயின. மேலேயிருந்து துளசியின் குரல் வந்தது. அந்தக் காலத்து வீடுகளில், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மாடித் தரையில் மூடி போட்ட ஒரு துவாரம் வைப்பார்கள். குரல் அது வழியாக வந்தது.

"ஏங்க, சுவத்துல வெளிச்சம் நகருது."

ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த வார்த்தை. வீடு நகர்ந்தது தயாளனுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. அவன் படியேறி ஓடிப் போய்க் கட்டிலை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை நாலு சுற்று. அதற்கு மறுநாள் ஐந்து. அதற்கு மேல் சுற்றினால் சுலைஹாவின் சம்பல் சட்டி ஆடுகிறது என்று தெரிந்து, அளவாக வைத்துக்கொண்டான். கைப்பிடியைத் திருப்பினால் வரிசையும் திரும்பியது. மற்ற நாலு வீடுகளும் நடுச்சுவர்களைப் பகிர்ந்துகொண்ட குற்றத்துக்காகக் கூடவே போயின. தண்ணீரும் மின்சாரமும் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்டால் பில் இரண்டாக வந்துவிடும் என்ற பயத்தில் யாரும் கேட்கவில்லை. வரிசை நின்ற பழைய இடத்தில் இரண்டாம் நாளே ஒருவர் காரை நிறுத்தினார். மூன்றாம் நாள் நாலு கார்கள் நின்றன. பாரம்பரியக் கட்டடங்களைப் பார்க்கிற ஓர் அதிகாரி நாடாவோடு வந்து முகப்பை அளந்தார். ஜன்னல் கதவுகளின் நிறம் மாறவில்லை, ஓடு மாறவில்லை, தூண் மாறவில்லை. இடம் மாறக் கூடாது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. நடைபாதையில் பூச்சட்டி வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அதைச் சொல்லிவிட்டுப் போனார். பீச் ஸ்ட்ரீட் முனையில் வரிசை சிவப்பு விளக்குக்கு நின்று, பச்சை விழுந்ததும் திரும்பியது. பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்ததைத் தவிர வேறு விசேஷம் இல்லை.

தயாளன் எங்கே போகிறான் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவனே கேட்காதவர்களிடமும் சொன்னான். பத்தொன்பது வருடம் கடலைப் பார்த்து வேலை செய்தவள் இரண்டு வருடமாகப் பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கடலைக் கண்டால் தேறிவிடுவாள் என்றான். துளசியிடம் கேட்டாயா என்று சுலைஹா விசாரித்தபோது, கேட்டால் வேண்டாம் என்பாள் என்றான். மனைவியின் மனதை ஊகிப்பதில் தயாளனை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற குறுக்கு வழிதான் அவனுக்குத் தெரியாது. துளசி ஜன்னலைப் பார்த்தாள், நாலு கரண்டி சாப்பிட்டாள், தண்ணீர் கேட்டாள், விளக்கை அணைக்கச் சொன்னாள். அதற்கு மேல் பேசவில்லை. இத்தனை தெருவைக் காட்டியும் ஏன் முகம் மலரவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

பத்தாம் நாள் வரிசை பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பாங்கின் பெரிய தூண்களுக்கு எதிரே நின்றது. இன்னும் ஒரு திருப்பம், அதற்கப்பால் கடல். அன்றுதான் ஜெயராஜ், இம்ரானையும் வரச் சொல்லி, தயாளன் வீட்டு வாசலில் கூட்டம் கூட்டினார். தபால்காரன் தன்னைத் தேடிக் கார்களுக்கு நடுவே அலைகிறான் என்றார். தன் மருமகன் தாசேக் கெலுகோரிலிருந்து வந்து, பழைய சந்தில் மாமனார் வீடு இல்லாததைப் பார்த்து, அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான் என்றார். பாங்குக்காரர்கள் வாங்குவதால் சுலைஹாவுக்கு நாளைக்கு நாற்பது பொட்டலம் கூடுதலாகப் போனது. எனவே அவள் கருத்து எதுவும் சொல்லாமல் தரையைப் பார்த்தாள். நாலாம் வீட்டுக்காரர் எங்கே நின்றாலும் தூங்குகிறவர். ஐந்தாம் வீடு காலி. ஆகையால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: இம்ரானைக் கொண்டு பல்சக்கரத்தைக் கழற்றிச் சரியான பக்கம் மாட்டுவது. தயாளன் கடைசியாக ஆறு நாள் கேட்டான். இன்னும் முப்பது சுற்றுதான், ஜன்னலில் கடல் தெரிந்ததும் நானே கழற்றிவிடுகிறேன் என்றான். சொல்லும்போதே பெடலைப் பிடித்துக்கொண்டான். ஜெயராஜ் மனம் இரங்கியிருப்பார். அதற்குள் தலைக்கு மேலே துவாரத்தின் மூடி திறந்தது.

"இம்ரான் தம்பி, கழட்டுங்க."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கட்டிலை விட்டுக் கைகளால் ஊர்ந்தே துவாரம் வரை வந்திருக்கிறாள். துளசியின் முகம் தட்டளவுக்கு மேலே தெரிந்தது. தயாளன், உனக்காகத்தானே என்று தொடங்கினான்.

"எனக்காகத்தான். யார் கையிலயும் ஏற மாட்டேன்னு சொன்னேன். நீங்க வீட்டோட சேத்துத் தூக்கிட்டீங்க. எந்தப் பக்கம் போவுது, எப்ப நிக்கும், ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

பாங்கு வாசலில் நின்ற காவலாளிகூடக் குனிந்துகொண்டான். இம்ரான் கட்டைவிரலை மேலே வைத்து வளையத்தை நெம்பினான். பல்சக்கரம் கையோடு வந்தது. தயாளன் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் ஏதோ எழுதியிருப்பது மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றான். மேலே பார்க்காமலேயே, பிறகு என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டான். பதினேழு வருடமாக அடுத்த வீட்டில் இருக்கும் சுலைஹா, அவன் துளசியிடம் ஒரு கேள்வி கேட்டதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகச் சொல்கிறாள்.

"சைக்கிள் என்னோடது. மேல கொண்டு வாங்க."

கொண்டு போனார்கள். அவளைத் தூக்கிய அதே நாலு பேர், அதே படி, அதே திருப்பம். சைக்கிளில் ஒரு கீறல் விழவில்லை. கட்டிலோடு ஒட்டி ஸ்டாண்டில் நிறுத்தி, பெடல்கள் அவள் கைக்கு எட்டும்படிப் பலகை அடித்து உயர்த்தினார்கள். பதினெட்டுப் பல் கால்களுக்குச் சரி, கைகளுக்குக் கனம் என்று இம்ரான் சொன்னான். கடையிலிருந்து இருபத்திரண்டு பல் உள்ள சக்கரம் கொண்டு வந்தான். பல் கூடியதால் செயினில் இரண்டு கண்ணி சேர்த்தான். எந்தப் பக்கம் என்ற கேள்வி வந்தபோது கையைக் கட்டிக்கொண்டான். குழியை வெளியே பார்க்க வைத்து மாட்டினான் என்று பேர் வந்தால் கடையை மூட வேண்டியதுதான், தெரிந்தே அந்தத் தப்பைச் செய்ய முடியாது என்றான். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தயாளன்தான் மாட்டினான். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் அவளைக் கேட்டான். வளையத்தை ஒரு முனை பள்ளத்தில் இருத்தி, மறுமுனையைச் சுற்றி அமுக்கி, உட்கார்ந்துவிட்டதா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றாள். அமுக்கினான். இப்போது என்றாள்.

ஜெயராஜ் விடவில்லை. படித் திருப்பத்திலேயே நின்று, அவள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், எங்கள் வீடும் கூடவே வருகிறதே, அதற்கு என்ன நியாயம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அவர் கேட்டதாலேயே அது அப்படித் தோன்றாமல் போயிற்று.

"அண்ணே, நீங்கெல்லாம் வீட்ட விட்டுட்டுப் போயிட்டு வர்றீங்க. எனக்கு விட்டுட்டுப் போக முடியல. அதான் கூட்டிட்டுப் போறேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள பழைய எடத்துல கொண்டு வந்து நிறுத்திடுவேன், போதுமா?"

கார்கள் நிற்கின்றனவே என்றார் ஜெயராஜ். அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் லா என்று சுலைஹா கீழேயிருந்து சொன்னாள். எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தச் சந்தில் நிறுத்தக் கூடாது என்று ஒரு பலகை வந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை.

முதல் நாள் துளசி நாலு சுற்று சுற்றினாள். தோள் வீங்கியது. தயாளன் சுற்றவா என்று கேட்டான், வேண்டாம் என்றாள், எண்ணெய் போடவா என்று கேட்டான், போடுங்கள் என்றாள். அன்றைக்கு வீட்டைப் பழைய இடத்தில் நிறுத்த முடியவில்லை. பீச் ஸ்ட்ரீட்டிலிருந்து சந்துக்குப் போய்ச் சேரவே அவளுக்கு இருபத்தாறு நாள் பிடித்தது. அதுவரை விளக்கு வைக்கிற நேரத்தில் ஜெயராஜ் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, வாக்கு என்றால் வாக்காக இருக்க வேண்டும் என்று தெருவுக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு மூடிக்கொள்வார். தீபாவளிக்கு அவள் ஒரே மூச்சில் முப்பது சுற்று சுற்றினாள். பொங்கலுக்கு எழுபது. தோள்கள் ரவிக்கைக்குள் அடங்காமல் தையல் பிரிக்க வேண்டியிருந்தது. தைப்பூசத்தன்று ரதம் வரும் வழியில் வரிசையைக் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினாள். ஜெயராஜ் தன் ஜன்னலிலிருந்தே, சட்டை கசங்காமல், கூட்டத்தில் இடிபடாமல் தரிசனம் பண்ணினார். அந்தப் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

மாசி மாதம் ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல், வெல்ட் கீ வரை போனாள். தயாளன் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவன், பாதி முகத்தோடு மாடிக்கு ஓடினான். ஜன்னல் முழுக்கக் கடல். ஃபெர்ரி ஒன்று பட்டர்வொர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவள் ஃபெர்ரி கரை சேரும் வரை பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். மூன்று நாள் போய்ப் போய்ப் பார்த்தாள். நாலாம் நாள் கைப்பிடியை நேர்மாறாகத் திருப்பினாள்.

"ஏன், கடல் பிடிக்கலையா?"

"பத்தொம்பது வருஷம் பாத்தாச்சு. கடலுக்குப் போனது உங்களுக்காக. நீங்க ஆசப்பட்டீங்கல்ல."

தயாளன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். பிறகு எங்கே போக வேண்டும் என்று கேட்டான். இப்போதெல்லாம் அவனுக்குக் கேள்வி சுலபமாக வருகிறது. வெண்டைக்காய் வாங்க வேண்டும் என்றாள் துளசி. இரண்டரை வருடமாக அவன் வாங்கி வந்த வெண்டைக்காய் ஒவ்வொன்றும் முத்தல். நார் நாராகத் தின்று வாய் செத்துப்போயிற்று. வாழ்நாளில் ஒரு வெண்டைக்காயையாவது நுனி ஒடித்துப் பார்த்து வாங்கியிருக்கிறாரா இந்த மனுஷன் என்று கேட்டாள். அவன் யோசித்துப் பார்த்து, இல்லை என்றான்.

சௌராஸ்தா பசாருக்கு இருநூற்றுப் பத்துச் சுற்று. இடையில் இரண்டு சிக்னல். இப்போது செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் போகிறாள். பசார் சந்தின் ஓரமாக வீடு வந்து நின்றதும் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். காய்கறிக் கடை முகம்மது அதில் வெண்டைக்காயை அள்ளிப் போடுவான். கூடை மேலே போகும். மேலேயிருந்து டக், டக் என்று நுனி ஒடியும் சத்தம் கேட்கும். ஒடியாததெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே அவன் தலையில் வந்து விழும். அக்கா ஒடித்தே என் வியாபாரத்தை முடித்துவிடுவார் என்று அவன் மற்றவர்களிடம் குறைப்படுவான். வியாழக்கிழமை மாலையே பிஞ்சாகப் பொறுக்கித் தனியாக எடுத்தும் வைப்பான். சுலைஹா அங்கேயே இரண்டாவது பந்தி வியாபாரம் முடித்துவிடுவாள். போன வெள்ளிக்கிழமை துளசி கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் மீன் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. முகம்மது தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, வீட்ட கொஞ்சம் பின்னால எடுங்க, லாரி உள்ள போவணும்."

துளசி கத்தரிக்காயை மடியில் வைத்துவிட்டுப் பெடலைப் பின்பக்கமாக அரைச் சுற்று சுற்றினாள். ஐந்து வீடுகளும் ஐந்தரை அடி பின்னால் போய் நின்றன. லாரி உள்ளே போனது.